எண்ணெய் குறைந்தது சரி, எத்தனை வளையம் சாப்பிட்டீர்கள்?

என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களை ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். உணவியல் ஆலோசகர் வேலையில் பாதி இந்த நோட்டுகளைப் படிப்பதுதான். சில வருடங்களாக அவற்றில் ஒரே மாதிரியான ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது: "மாலை, ஏர் ஃப்ரையர் ஆனியன் ரிங்ஸ். எண்ணெய் 0." அதாவது, வளையமாக வெட்டிய வெங்காயத்துக்கு மாவு பூசி, எண்ணெயில் பொரிக்காமல் சூடான காற்றில் வேகவைக்கும் மெஷினில் செய்தது.

சமீபத்தில் வந்த ஒருவரின் நோட்டில் ஏழு நாளில் ஐந்து நாள் இந்த வரி இருந்தது. அவருக்குச் சர்க்கரை அளவு எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையும் கொஞ்சம் இறங்க வேண்டும். "எண்ணெயே இல்ல மேடம், அதனாலதான் தைரியமா சாப்பிடறேன்" என்றார். எத்தனை வளையம் என்று கேட்டேன். எண்ணவில்லை. சரி, இந்த மெஷின் வாங்குவதற்கு முன்னால் எப்போதெல்லாம் சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். "மாசத்துல ஒரு தடவை, எங்கயாவது வெளியில போனா" என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாதத்துக்கு ஒரு தடவை எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட்டவர், இப்போது வாரத்துக்கு ஐந்து தடவை 'எண்ணெய் இல்லாமல்' சாப்பிடுகிறார். இதில் மெஷின் மேல் தப்பு ஒன்றும் இல்லை. எண்ணெயைக் குறைக்கிறேன் என்று அது சொன்னது, குறைத்தது. மேலே ஒட்டியிருக்கும் மாவையும் பிரெட் தூளையும் உப்பையும் குறைக்கிறேன் என்று அது எப்போதும் சொன்னதில்லை, அதை நாமாகத்தான் நினைத்துக்கொண்டோம்.

'ஃப்ரையர்' என்ற பெயரும் கொஞ்சம் ஏமாற்றுகிறது. பிலிப்ஸ் நிறுவனம் 2010-ல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய பிறகு பரவிய இந்தக் கருவி உண்மையில் எதையும் பொரிப்பதில்லை. மேலே ஒரு சூடாக்கும் கம்பி, அதன் பக்கத்தில் ஒரு ஃபேன், கீழே ஓட்டை போட்ட கூடை, அவ்வளவுதான். காற்றைச் சுழலவிட்டுச் சுடுகிற குட்டி ஓவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது புரியாததால்தான் பலருக்கு ஆனியன் ரிங்ஸ் நமத்துப்போய் வருகிறது, சலித்துப்போய்க் கடையில் உறையவைத்த பாக்கெட்டுக்கு மாறிவிடுகிறார்கள். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

180 டிகிரி எண்ணெயில் ஒரு வளையத்தைப் போட்டால் படபடவென்று குமிழ் கிளம்புகிறதே, அது மாவிலும் வெங்காயத்திலும் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடுவது. ஆவி வேகமாக வெளியேறிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் பெரிதாக உள்ளே போக முடியாது. எடுத்து வைத்து ஆறத் தொடங்கும்போதுதான் உள்ளிருக்கும் ஆவி அடங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். காற்றுக்கு இந்த வேகம் கிடையாது. எண்ணெய் மாதிரி அது சட்டென்று சூட்டைக் கொடுக்காது, கரைத்த மாவை உடனே இறுக்கவும் செய்யாது. முதல் தடவை நானும் வழக்கம்போல மாவைக் கரைத்து, வளையத்தை முக்கி, கூடையில் அடுக்கிவிட்டு நம்பிக்கையோடு காத்திருந்தேன். திறந்து பார்த்தால் மாவு முழுக்க ஓட்டை வழியாக ஒழுகிக் கீழ்த்தட்டில் சொட்டுச் சொட்டாகக் காய்ந்து ஒட்டியிருந்தது, மேலே வெங்காயம் அம்மணமாகக் கிடந்தது. ஊறவைத்துத் தேய்த்துக் கழுவ ராத்திரியாகிவிட்டது.

அதனால் இங்கே கரைத்த மாவு வேலைக்கு ஆகாது, உலர்ந்த மேல்பூச்சுதான் சரி. பெரிய வெங்காயத்தை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வட்டமாக வெட்டி, வளையங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு வளையத்தை வெளிச்சத்தில் பிடித்து உட்புறத்தைப் பாருங்கள். கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். நகத்தால் ஒரு ஓரத்தைத் தூக்கி இழுத்தால் வழுவழுவென்று உரிந்து வரும், சில நேரம் முழு வட்டமாகவே கையோடு வந்துவிடும். மாவு ஒட்டாமல் வழுக்குவதற்கும், கடித்தால் வெங்காயம் மட்டும் முழுசாக வாயோடு வந்து மேல்பூச்சு வெறும் கூடாகக் கையில் நிற்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். எல்லாவற்றிலும் உரிக்கப் பொறுமை இல்லையென்றால் பெரிய வளையங்களிலாவது உரித்துவிடுங்கள்.

இன்னொரு வேலையை அடுப்பிலேயே முடித்துவிட வேண்டும். ஒரு கப் பிரெட் தூளில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசிறி, சிறு தீயில் லேசாக நிறம் மாறும்வரை வறுத்து ஆறவிடுங்கள். எண்ணெய் துளியும் இல்லாத பிரெட் தூள் ஏர் ஃப்ரையரில் வெளிறிப்போய், வாயில் மணல் மாதிரி நெருடும். நிறம் வருகிறதே என்று பார்த்துக் காத்திருந்தால் அதற்குள் வெங்காயம் வற்றிவிடும். அந்த இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் இருப்பது ஏறக்குறைய 80 கலோரி, அதுவும் ஒரு முழுக் கூடைக்கு. இதற்குப் பயப்பட வேண்டியதே இல்லை.

அப்புறம் மூன்று கிண்ணம். ஒன்றில் அரை கப் மைதாவும் இரண்டு ஸ்பூன் கார்ன்ஃப்ளாரும் கொஞ்சம் உப்பும் மிளகும், அடுத்ததில் அடித்த முட்டை அல்லது கெட்டியாகக் கடைந்த தயிர், மூன்றாவதில் வறுத்த தூள். ஒரு கையை ஈரத்துக்கும் ஒரு கையை உலர்ந்ததற்கும் வைத்துக்கொள்ளாவிட்டால் பத்தாவது வளையத்தில் விரல்களுக்கே மேல்பூச்சு ஏறிவிடும். முக்கி எடுத்தவற்றை இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள், பூச்சு இறுகும். 190 டிகிரியில் மெஷினை முன்கூட்டியே சூடாக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காக வைத்து, நான்கைந்து நிமிடத்தில் திருப்பிவிட்டு, இன்னும் நான்கு நிமிடம். மெஷினுக்கு மெஷின் மாறும், முதல் கூடையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், கூடையில் குவித்தால் அந்த ஆவியிலேயே எல்லாம் வெந்து தொளதொளத்துவிடும். எடுத்ததைத் தட்டில் கொட்டாமல் கம்பி வலைமேல் பரப்பினால் அடிப்பக்கமும் மொறுமொறுப்பாக இருக்கும்.

நிறம் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பு. மாவுச்சத்துள்ள எதையும் 120 டிகிரிக்கு மேல் ஈரம் குறைவான சூட்டில் வைத்தால் அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாகிறது. 2002-ல் சுவீடன் ஆய்வாளர்கள் இதை வெளியே கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே 1994-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 'மனிதர்களுக்கு அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது' என்ற 2ஏ பிரிவில் வைத்திருந்தது. ஆதாரம் பெரும்பாலும் விலங்குகளில் செய்த சோதனைகளிலிருந்து வருவது, உணவு வழியாக மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் தெளிவான ஒரே முடிவு இல்லை. ஆகவே ஒரு வளையம் கருகியதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் நிறம் கருக்கக் கருக்க இந்தப் பொருளும் கூடும், ஏர் ஃப்ரையர் என்பதால் அதில் விலக்கு ஏதும் கிடையாது. பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள். "இன்னும் மூணு நிமிஷம் வச்சா இன்னும் மொறுமொறுன்னு வரும்" என்று வைப்பவர்கள்தான் நிறையப் பேர், அந்த மூன்று நிமிடம் வேண்டாம் என்றுதான் தூளை முன்பே வறுக்கச் சொன்னேன்.

இப்போது பாக்கெட் கதை. மேலே சொன்ன அதே பெண்மணியை, வீட்டில் இருக்கும் பாக்கெட்டை எடுத்துவரச் சொன்னேன். பொருட்கள் பட்டியலில் எடை அதிகமானதுதான் பொதுவாக முதலில் வரும். வெங்காயம், கோதுமை மாவு, மூன்றாவதாகத் தாவர எண்ணெய். "நான் ஊத்தலையே மேடம்" என்றார். அவர் ஊற்றவில்லை, தொழிற்சாலையில் ஊற்றிவிட்டார்கள். உறையவைத்த ஆனியன் ரிங்ஸில் பெரும்பாலானவை ஏற்கெனவே ஒருமுறை எண்ணெயில் பொரித்தவை, அதனால்தான் ஒரு சொட்டுகூட விடாமல் அவ்வளவு அழகாக மொறுமொறுத்து வருகின்றன. பாக்கெட்டின் முன்பக்கம் எழுதியிருப்பதை விட்டுவிட்டுப் பின்பக்கம் கொழுப்பு எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று பாருங்கள், அந்தக் கணக்கு 100 கிராமுக்கா அல்லது 'ஒரு பரிமாறலுக்கா' என்றும் பாருங்கள். ஒரு பரிமாறல் என்று அவர்கள் நினைப்பதும் நாம் தட்டில் போட்டுக்கொள்வதும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததே இல்லை. உப்புக்கு உலகச் சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. தொட்டுக்கொள்ளும் சாஸையும் அதில் சேர்க்க வேண்டும்.

சர்க்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது மேல்பூச்சை. 150 கிராம் வெங்காயத்தில் கார்போஹைட்ரேட் சுமார் 14 கிராம்தான். அரை கப் மைதாவில் மட்டும் 45 கிராம் போல இருக்கும், பிரெட் தூள் அதற்கு மேல். வெங்காயம் சாப்பிடுவதாக நாம் நினைப்பது பாதி ரொட்டிதான். வயிறு உப்பும் தொல்லை உள்ளவர்களுக்கு வெங்காயத்தில் உள்ள ஃபிரக்டான் என்ற ஒரு வகை கார்போஹைட்ரேட் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், எந்த மெஷினில் செய்தாலும் அது போகாது.

கருவியைப் பற்றி ஒன்றே ஒன்று. டப்பாவில் வரும் எண்ணெய் ஸ்ப்ரேக்கள் பலவற்றில் உணவு ஒட்டாமலிருக்க லெசித்தின் என்ற பொருளைச் சேர்த்திருப்பார்கள், அது சூட்டில் கூடையின் நான்ஸ்டிக் பூச்சுமேல் பிசினாகப் படிந்துவிடும், அதைச் சுரண்டப் போய்ப் பூச்சே பெயர்ந்துவிடும். சாதாரண எண்ணெயைப் பிரஷ்ஷால் தடவுங்கள், போதும்.

அந்தப் பெண்மணி மூன்று வாரம் கழித்து வந்தார். நோட்டைத் திருப்பினேன். சனிக்கிழமை மட்டும் ஒரு வரி இருந்தது: "ஆனியன் ரிங்ஸ், வீட்டில் செய்தது, 6. எண்ணெய் 2 ஸ்பூன், நாலு பேருக்கு. மூணு கருகிடுச்சு, தூக்கிப் போட்டேன்."