பாரிஷ்: பரதேசியாய்ப் பிறந்து பங்கு ஆன சொல்

ஐரோப்பாவின் இடைக்கால வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்கள் பலரும் 'பாரிஷ்' என்ற சொல்லில் வந்து தடுமாறுகிறார்கள். சிலர் 'தேவாலய வட்டாரம்' என்று எழுதுகிறார்கள், சிலர் 'திருச்சபைப் பிரிவு' என்கிறார்கள், மற்றவர்கள் பாரிஷ் என்றே விட்டுவிடுகிறார்கள். பொருள் என்னவோ எளிதுதான். ஒரு கோவில், அதற்கென்று ஒரு குரு, எல்லை வகுத்த ஒரு நிலப்பகுதி, அதற்குள் குடியிருக்கும் மக்கள். இவ்வளவும் சேர்ந்தது ஒரு பாரிஷ். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் இதைப் 'பங்கு' என்கிறார்கள். அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்பது என் எண்ணம். ஏன் என்பதற்கு 'பாரிஷ்' என்ற சொல்லின் கதையையே சொல்ல வேண்டும்.

மூலம் கிரேக்கம். 'பரா' என்றால் அருகில், 'ஒய்கோஸ்' என்றால் வீடு. ஓர் ஊரில் குடியுரிமை இல்லாமல் தங்கி வாழ்கிறவன் 'பரோய்கோஸ்'. அப்படித் தங்கியிருக்கும் வாழ்வு 'பரோய்கியா'. பேதுருவின் முதல் நிருபத்தில் 'பரோய்கோஸ்' என்ற சொல் வருகிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் 'அந்நியர்களும் பரதேசிகளுமாயிருக்கிற' என்று படிக்கிறோமே, அந்த இடம்தான். முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமிலிருந்து கொரிந்துக்குப் போன ஒரு கடிதமும் 'ரோமில் அந்நியராய்த் தங்கியிருக்கும் சபை, கொரிந்தில் அந்நியராய்த் தங்கியிருக்கும் சபைக்கு' என்றுதான் தொடங்குகிறது. இந்த உலகம் நமக்குச் சொந்த ஊர் இல்லை, வழியில் தங்கிப் போகிறோம், அவ்வளவுதான் என்ற உணர்வில் பிறந்த சொல் அது.

லத்தீனில் அது 'பரோக்கியா' ஆயிற்று. பிரெஞ்சின் 'பருவாஸ்', ஆங்கிலத்தின் 'பாரிஷ்' எல்லாம் அதிலிருந்து வந்தவை. ஆனால் பொருள் தலைகீழாக மாறிவிட்டது. வழிப்போக்கரைக் குறித்த சொல், பிறந்த மண்ணோடு ஒருவரைக் கட்டிப்போடும் சொல்லாகிவிட்டது. இடைக்காலக் கிறிஸ்தவச் சமூகம் எப்படி உருவானது என்று யாராவது கேட்டால் நான் இந்த மாற்றத்தைத்தான் முதலில் காட்டுவேன்.

தொடக்கத்தில் கிறிஸ்தவம் பெரும்பாலும் நகரத்துச் சமயம். நகரத்தில் குருக்களுக்குத் தலைவரான ஆயர் (பிஷப்) இருப்பார், சுற்றுப்புறம் முழுவதும் அவர் பொறுப்பு. அப்புறம் நாட்டுப்புறங்களில் நிலவுடைமையாளர்கள் தங்கள் நிலத்திலேயே கோவில் கட்டிக் குருவையும் தாங்களே வைத்துக்கொண்டார்கள். அந்தக் கோவில்களுக்கு வருமானம் எங்கிருந்து? இங்கேதான் தசமபாகம் வருகிறது. விளைச்சலில் பத்தில் ஒன்றை எல்லாரும் கொடுத்தாக வேண்டும் என்று 779-இல் பிராங்கிய அரசர் சார்லமேன் ஆணையிட்டார். கொடுப்பது கட்டாயம் என்றானதும், எந்த வயலின் கதிர் எந்தக் கோவிலுக்கு என்ற கேள்வி எழுந்தது. கோவிலைச் சுற்றி எல்லைக்கோடு உறுதிப்பட அதுவும் ஒரு பெரிய காரணம்.

இங்கிலாந்தில் 10-ஆம் நூற்றாண்டில் எட்கர் அரசர் கொடுத்த சட்டம் இதை அழகாகக் காட்டுகிறது. ஒரு பிரபு தன் நிலத்தில் கட்டிய கோவிலுக்குக் கல்லறைத் தோட்டம் இருந்தால், அவருடைய தசமபாகத்தில் மூன்றில் ஒரு பங்கை அந்தக் கோவிலுக்குக் கொடுக்கலாம். கல்லறைத் தோட்டம் இல்லையென்றால் தசமபாகம் பழைய தாய்க் கோவிலுக்கே போகும், சொந்தக் கோவில் குருவுக்கு மீதி ஒன்பது பாகத்திலிருந்து அவர் விரும்பியதைக் கொடுத்துக்கொள்ளலாம். செத்தவரைப் புதைக்கும் உரிமைதான் ஒரு கோவிலைத் தனிப் பங்காக உயர்த்தியது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். தாத்தா எங்கே புதைக்கப்பட்டாரோ அதுதான் நம் கோவில்.

1215-இல் ரோமில் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் கடைசி முடிச்சைப் போட்டது. விவரம் தெரிந்த வயதுக்கு வந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது 'தன் சொந்தக் குருவிடம்' பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அதாவது பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டும்; உயிர்ப்புப் பெருவிழாக் (ஈஸ்டர்) காலத்தில் நற்கருணை என்னும் திருவிருந்து அப்பத்தை வாங்க வேண்டும். தவறினால் கோவிலுக்குள் நுழைய முடியாது, செத்தால் கிறிஸ்தவ அடக்கமும் கிடையாது. வேறு குருவிடம் போக வேண்டுமானால் சொந்தக் குருவின் அனுமதி வேண்டும். பரதேசிக்கு இனி இடமே இல்லை.

இதில் என் மனத்தைத் தொடுவது, எங்கே பார்த்தாலும் 'பங்கு' என்ற பேச்சே கேட்பதுதான். துறவிகளின் மடங்கள் பல கோவில்களின் தசமபாகத்தைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, ஊரில் பதிலாள் குருவை வைத்தன. அவருக்குப் பிழைக்கப் போதுமான பங்கு தர வேண்டும் என்று அதே சங்கம் விதித்தது. பிரான்சிஸ்கன், தொமினிக்கன் துறவிகள் ஊர் ஊராய்ப் போதிக்க வந்தபோது, மக்கள் அவர்களிடம் அடக்கம் செய்யப்பட விரும்பினார்கள். பங்குக் குருக்களுக்கு வருமானம் போயிற்று, சண்டை மூண்டது. 1300-இல் எட்டாம் போனிபாஸ் திருத்தந்தை அந்த அடக்க வருமானத்தில் நான்கில் ஒன்று பங்குக் குருவுக்கு என்று தீர்ப்புச் சொன்னார்.

தமிழ்ப் பங்கு 'பகு' என்ற வேரில் பிறந்தது. பகுதி, பங்காளி எல்லாம் அதன் உறவுகள். பிரித்த நிலம், பிரித்துக்கொள்ளும் விளைச்சல், ஒன்றில் உரிமையுள்ள ஆட்கள் என்று மூன்றையும் இந்த ஒரு சொல் தாங்குகிறது. பங்குத்தந்தை, பங்குமக்கள், பங்குப்பேரவை என்று எளிதாகக் கிளைக்கிறது. 'வட்டாரம்' என்றால் நிலம் மட்டும்தான் வரும், மக்கள் வரமாட்டார்கள். பழைய கத்தோலிக்க வழக்கில் 'விசாரணை' என்ற சொல்லும் உண்டு. விசாரித்துப் பார்த்துக்கொள்வது என்ற நல்ல பொருள்தான், ஆனால் இன்று அது காவல் நிலையத்தை நினைவுபடுத்துகிறது. திருநெல்வேலிப் பக்கத்துச் சீர்திருத்த சபையார் 'சேகரம்' என்பார்கள். பல சபைகளைச் சேர்த்து ஒரு குருவானவர் பொறுப்பில் விடும் அவர்கள் ஏற்பாட்டுக்கு அது சரியான சொல். இடைக்கால பாரிஷுக்கு அதைப் போட வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை மட்டும். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ஆவணங்களில் 'பரோக்கியா' என்று கண்டவுடன் பங்கு என்று எழுதிவிடக் கூடாது. அங்கே அது பல இடங்களில் ஆயரின் ஆளுகைப் பகுதி முழுவதையும் குறிக்கும். அப்படி வரும் இடத்தில் 'மறைமாவட்டம்' என்றே எழுதுங்கள்.