சூனியக்கார மன்னன் என்று எழுதாதீர்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐந்தாறு பிள்ளைகள் பகடை உருட்ட வருவார்கள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டம். ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை விழுவதைப் பொறுத்துக் கதையை நகர்த்துவார்கள். இப்போது ஆடுவது 1991இல் வெளிவந்த 'டார்க் சன்' என்ற கற்பனை உலகத்தை வைத்து. வெயிலில் காய்ந்து பாலையாகிப்போன உலகம் அது. மிஞ்சியிருக்கும் நகரங்களை ஆள்பவர்களுக்கு 'சார்சரர் கிங்' என்று பெயர். இதைத் தமிழில் 'சூனியக்கார மன்னன்' என்று எழுதிய தாள் ஒன்று எங்கள் மேசைக்கு வந்தது. அன்றிலிருந்து வாரத்துக்கு இருபது தடவையாவது அந்தச் சொல் என் காதில் விழுகிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'சோர்ஸ்' என்றால் திருவுளச்சீட்டு. சீட்டுப் போட்டுக் குறி சொன்னவனைக் குறித்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'சார்சரர்' ஆனது. குறிகாரன் நாளடைவில் மந்திரம் செய்பவன் ஆகிவிட்டான். 'கிங்' அரசன். அவ்வளவுதான்.

சூனியம் வடசொல். வெறுமை, பூஜ்யம் என்று பொருள். செய்வினைக்கு அது பெயரானது அதன் பிறகு. 'சூனியக்கார மன்னன்' என்பதற்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய நல்ல வாதமே இந்த வெறுமைதான். டார்க் சன் உலகில் மந்திரத்துக்கான ஆற்றல் செடிகொடிகளின் உயிரிலிருந்து வருகிறது. இந்த அரசர்கள் அதை வரைமுறையில்லாமல் உறிஞ்சுவதால் சுற்றியுள்ள மண் சாம்பலாகிறது. நிலத்தைச் சூனியமாக்குகிறவன், ஆகவே சூனியக்காரன் என்றான் அந்தத் தாளை எழுதிய கல்லூரி மாணவன். கெட்டிக்காரப் பேச்சுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சூனியக்காரன் என்றதும் நம்மில் யாருக்கு வெறுமை நினைவுக்கு வருகிறது? எலுமிச்சம்பழமும் பொம்மையும் ஊசியும்தானே வருகின்றன? ஊருக்கு வெளியே இருப்பவன், யாரோ கொடுத்த காசுக்கு இன்னொருவன் வீட்டு வாசலில் இரவோடு இரவாக எதையோ புதைப்பவன். டார்க் சன் உலகில் டைர் நகரத்தை ஆளும் காலக் என்ற அரசன் ஒளிந்துகொண்டா மந்திரம் செய்கிறான்? அடிமைகளை வைத்து நகர் நடுவே மாபெரும் படிக்கோபுரம் கட்டுகிறான். அவனுடைய அதிகாரிகளுக்கு மந்திர ஆற்றலே அவன் கொடுத்து வருகிறது. (இந்த அதிகாரிகளான 'டெம்ப்ளர்'களையும் அதே தாள் 'கோயில் குருக்கள்' ஆக்கியிருந்தது. வரி வசூலிப்பவர் குருக்களா?)

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிது. எந்த ஊரிலும் ஒருவன் தன்னைத் தானே சூனியக்காரன் என்று சொல்லிக்கொள்வதில்லை, மற்றவர்கள்தான் அவன்மேல் அப்படிப் பழி போடுகிறார்கள். நீலகிரியில் இருந்துகொண்டு இதை மறக்க முடியாது. ஊரில் காய்ச்சல் வந்தாலும் மாடு செத்தாலும் இந்த மலையின் பழங்குடிகளான குறும்பர் வைத்த சூனியம் என்று சொல்லி அவர்களைக் கொன்ற மலை இது. 1835இல் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டதை வெள்ளையர் காலப் பதிவுகள் சொல்கின்றன. 1875, 1882 ஆண்டுகளிலும் கொலைகள் நடந்தன. 1900இல் ஒரு குடும்பத்தையே கொன்றார்கள். எங்கள் மேசைக்கு வரும் பிள்ளைகளில் ஒருவன் குறும்பர் வீட்டுப் பையன். அந்தத் தாளைப் படித்துவிட்டு, இருபது முகப் பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "எங்க தாத்தாவ அப்படித்தான் சொல்லுவாங்கண்ணா" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காட்டில் தேன் எடுத்த ஒரு கிழவருக்கும் நகரத்தையே அடிமையாக வைத்திருக்கும் கொடுங்கோலனுக்கும் ஒரே பெயர் என்றால் அந்த மொழிபெயர்ப்பில் ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது.

சரி, வேறு என்ன சொல்லலாம்? 'மந்திரவாதி' பழகிய சொல். ஆனால் நம் கதைகளில் மந்திரவாதி குகையில் இருப்பான், இளவரசியைத் தூக்கிப்போவான், ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்து வைப்பான். சிம்மாசனத்தில் இருப்பவன் வேறொருவன். 'மந்திரக்கோன்' என்று ஒருவர் சொன்னார். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கேட்பவருக்கு மந்திரக்கோல் என்றுதான் விழும். 'சித்தர்' என்றும் ஒரு யோசனை வந்தது. பழனியில் போகரைக் கும்பிடுகிற நாட்டில் அது ஆகாது.

தொல்காப்பியம் மந்திரத்துக்குத் தந்த விளக்கத்துக்குப் போனேன். 'நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப.' ஆணையாகச் சொன்ன மறைமொழிதான் மந்திரம் என்றால் மந்திரமும் ஆட்சியும் அங்கேயே கைகோத்துவிடுகின்றன. ஆகவே 'மறைமொழி அரசன்' என்கிறேன். மறை என்றால் வேதம் ஆயிற்றே என்பார்கள். மறைந்தது என்ற பொருள் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. வேந்தனை விட்டு அரசனை எடுத்ததற்கும் காரணம் உண்டு. இந்த ஆட்சியாளர்களில் பெண்களும் உண்டு. 'மறைமொழி அரசி' என்று தடையில்லாமல் சொல்லலாம்.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. விசார்ட், விட்ச், வார்லாக், சார்சரர் எது வந்தாலும் அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். டப்பிங் படங்களில் பல வருடமாக இதே கதை. மூலத்தில் நான்கு வேறு ஆட்கள், தமிழில் எல்லோரும் சூனியக்காரர்கள். அந்தச் சொல் யார் வாயிலிருந்து யார்மேல் விழுகிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

சூனியக்காரன் என்ற சொல்லை எங்கள் ஆட்டத்திலிருந்து நான் முழுதாக நீக்கவில்லை. டார்க் சன் உலகில் சாதாரண மந்திரக்காரர்கள் ஒளிந்து வாழ்கிறார்கள். பூமி பாழானது இவர்களால்தான் என்று மக்கள் துரத்துவார்கள், அடித்தே கொல்வார்கள். திருத்தி எழுதிய தாளில் அந்தச் சொல் ஓரிடத்தில் மட்டும் வருகிறது: கையில் கல்லோடு சந்தையில் கூடிய கூட்டம் ஒரு கிழவனைப் பார்த்துக் கத்தும் இடத்தில்.