காப்புரிமை நோட்டீஸ் வந்தால் உங்களுக்கு என்ன உரிமை?

காப்புரிமை (பேட்டன்ட்) சண்டை என்றதும் ஆப்பிள், சாம்சங் என்று வெளிநாட்டுப் பெயர்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் புரிய வேண்டுமென்றால், சென்னை உயர் நீதிமன்றத்தில் 2007-இல் தொடங்கிய பஜாஜ்–டிவிஎஸ் வழக்கைப் பார்த்தாலே போதும்.

சிறிய சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைத்து எரிபொருளை நன்றாக எரிய வைக்கும் ஏற்பாட்டுக்கு பஜாஜ் 2002-இல் விண்ணப்பித்தது. 2005-இல் காப்புரிமை கிடைத்தது. பல்சர் வண்டியில் ‘டிடிஎஸ்-ஐ’ என்று ஒட்டியிருக்குமே, அதுதான். 2007-இல் டிவிஎஸ் அறிவித்த 125 சிசி ‘ஃப்ளேம்’ பைக்கிலும் இரண்டு பிளக். அது தன் காப்புரிமையை மீறுகிறது என்று பஜாஜ் பேச ஆரம்பித்ததும், டிவிஎஸ் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. பிரிவு 106-இன்கீழ் கோர்ட்டுக்குப் போனது.

இந்தப் பிரிவு பலருக்குத் தெரியாது. காரணமில்லாமல் ‘வழக்குப் போடுவேன்’ என்று ஒருவர் மிரட்டினால், அந்த மிரட்டலை நிறுத்தச் சொல்லித் தடையும், நஷ்டம் ஏற்பட்டிருந்தால் ஈடும் கேட்கலாம். மீறல் நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு மிரட்டியவருடையது. ஆனால் ‘எனக்குக் காப்புரிமை இருக்கிறது’ என்று வெறுமனே தெரிவிப்பது மிரட்டல் ஆகாது.

பஜாஜும் மீறல் வழக்குப் போட்டது. ஜெயிப்பவருக்குப் பிரிவு 108 தருவது தடை உத்தரவும், அதோடு நஷ்டஈடு அல்லது எதிராளி அதில் சம்பாதித்த லாபம், இரண்டில் ஒன்றும்.

நிஜமான சண்டை, வழக்கு முடியும்வரை விதிக்கும் இடைக்காலத் தடையில்தான். காப்புரிமைக்கு ஆயுள், விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு. சந்தையில் ஒரு பைக் மாடலுக்கு அவ்வளவு ஆயுள் ஏது? 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி டிவிஎஸ்ஸுக்குத் தடை விதித்தார். ஒற்றைப் பிளக்கோடுதான் ஃப்ளேம் கடைக்கு வந்தது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. தங்கள் எஞ்சினில் மூன்று வால்வு, காப்புரிமையில் இருப்பது வேறு என்பது டிவிஎஸ் வாதங்களில் ஒன்று. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், டிவிஎஸ் விற்கலாம், ஆனால் விற்பனைக் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்றது. இத்தகைய வழக்குகளை நாள்தோறும் விசாரித்து, சாதாரணமாக நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் சொன்னது. சொன்னது சரி, கடைசியில் 2019-இல் இரு நிறுவனங்களும் பேசித்தான் முடித்துக்கொண்டன.

காப்புரிமையே செல்லாது என்றும் வாதாடலாம். விண்ணப்பம் வெளியான பிறகு, காப்புரிமை தருவதற்கு முன் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். தந்தபின் என்றால் அந்த அறிவிப்பு வெளியாகி ஓர் ஆண்டுக்குள், சம்பந்தப்பட்டவர் மட்டும். அந்தக் கெடுவும் தாண்டிவிட்டால் ரத்து மனு, அல்லது மீறல் வழக்கிலேயே எதிர்க்கோரிக்கை. இதற்கென்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டதால், இப்போது உயர் நீதிமன்றம்தான்.

சிறு பட்டறை வைத்திருப்பவருக்கு நோட்டீஸ் வந்தால், முதலில் அந்தக் காப்புரிமை எண்ணைக் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் தேடுங்கள், கட்டணம் கிடையாது. உரிமையாளர் ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டியிருக்கிறாரா பாருங்கள். கட்டாவிட்டால் காப்புரிமை காலாவதி. அப்புறம், காப்புரிமை இருப்பது தெரியவும் இல்லை, தெரிந்துகொள்ள வழியும் இல்லை என்று நிரூபித்தால் பிரிவு 111-படி நஷ்டஈட்டிலிருந்து தப்பலாம். பொருளின்மேல் ‘காப்புரிமை பெற்றது’ என்று மட்டும் போட்டு எண்ணை விட்டிருந்தால், அதைக் காட்டி ‘உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று எதிராளி சொல்ல முடியாது.