காட்டுப்பன்றிக்கு ஃபுளூ எங்கிருந்து வருகிறது?

பொழுது சாய்ந்தபின் பன்றிப் பண்ணையின் வேலியோரம் காட்டுப்பன்றிகள் வந்து நிற்பது அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கம் சாதாரணம். சிந்திக் கிடக்கும் தீவனத்தின் வாசம் இழுத்து வந்திருக்கும். உள்ளே பருவத்துக்கு வந்த பெண்பன்றி இருந்தால் ஆண்பன்றி வேலியை விடாமல் சுற்றும். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு மூக்கு, இந்தப் பக்கம் ஒரு மூக்கு. இரண்டும் ஒருமுறை ஈரமாக உரசிக்கொண்டாலே ஃபுளூ வைரஸ் வேலி தாண்டிவிடும்.

இந்தப் பன்றிகள் அந்த மண்ணுக்கு உரியவை அல்ல. 1539-ல் ஸ்பெயின்காரர் எர்னாண்டோ டி சோட்டோ படைக்கு உணவாக ஃபுளோரிடாவில் பன்றிகளைக் கொண்டுவந்து இறக்கினார். அப்படி வந்தவற்றில் தப்பி ஓடியவையும், பின்னாளில் வேட்டைக்காக இறக்குமதியான ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளும் கலந்து பெருகியதில் இன்று அமெரிக்காவில் 60 லட்சத்துக்கும் மேல் திரிகின்றன. குறைந்தது 35 மாநிலங்களில் அவை இருக்கின்றன.

தாய்ப்பன்றிகளும் குட்டிகளும் கூட்டமாகவே வாழும். ஆண்பன்றி வளர்ந்ததும் தனியாகப் போய்விடும். பன்றிக்கு வியர்த்துச் சூடு தணியாது, அதனால் ஒரே சேற்றுக்குழியில் எல்லாம் புரளும், ஒட்டிப் படுக்கும். ஒன்று தும்மினால் மற்றதற்கு ஒட்டுவதில் வியப்பில்லை. ஆனால் ஒரு பன்றி வைரஸைக் கக்குவது ஏறக்குறைய ஒரு வாரம்தான், அதற்குள் உடலில் எதிர்ப்பு வந்துவிடும். பத்துப் பதினைந்து பன்றி உள்ள கூட்டத்தில் எல்லாவற்றையும் தொற்றி முடித்த வைரஸுக்கு அப்புறம் போக இடம் கிடைக்காது. பண்ணையில் அப்படி இல்லை. அங்கே ஆயிரக்கணக்கான பன்றிகள் அடைந்து கிடக்கும், வாரந்தோறும் புதுக்குட்டிகள் பிறக்கும். நெருப்பு அணையாமல் விறகு வந்துகொண்டே இருக்கும். காட்டுப்பன்றிகளிடம் பிடிபட்ட ஃபுளூ வைரஸ்களில் பல, பண்ணைப் பன்றி வைரஸ்களின் நெருங்கிய உறவாக இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். காட்டை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

தூரத்துக்குப் பரவுவதில் மனிதருக்கும் பங்கு உண்டு. வேட்டைப் பிரியர்கள் காட்டுப்பன்றியைப் பிடித்து லாரியில் ஏற்றி வேறு ஊரில் அவிழ்த்து விடுகிறார்கள். பல மாநிலங்களில் இது குற்றம். பன்றியோடு அதன் மூக்கில் இருப்பதும் சேர்ந்தே பயணம் செய்கிறது.

இன்னொரு வழி தண்ணீர். காட்டு வாத்துகளின் குடலில் ஃபுளூ வைரஸ் வளர்ந்து எச்சத்தோடு குளத்தில் கலக்கிறது. குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். அதே நீரைப் பன்றி குடிக்கிறது, செத்த வாத்து கிடைத்தால் தின்றும்விடுகிறது. 2024 அக்டோபரில் ஓரிகன் மாநிலத்தின் ஒரு சிறு பண்ணையில் பன்றிகளுக்கு எச்5என்1 பறவைக்காய்ச்சல் கண்டறியப்பட்டது. அமெரிக்கப் பன்றிகளில் அதுவே முதல்முறை. அங்கே கோழி, பன்றி எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஒரே இடத்தில்தான்.

சரி, பன்றிக்குச் சளி பிடித்தால் நமக்கென்ன? ஃபுளூ வைரஸின் மரபணு எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. வைரஸின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதம்தான் அதன் கொக்கி. பறவை வைரஸின் கொக்கி ஒருவகைச் சர்க்கரை மூலக்கூறைப் பிடிக்கும், மனித வைரஸின் கொக்கி சற்றே மாறிய இன்னொன்றைப் பிடிக்கும். பன்றியின் சுவாசப் பாதையில் இரண்டும் உண்டு. இரண்டு வைரஸ்கள் ஒரே செல்லில் புகுந்துவிட்டால் எட்டுத் துண்டுகளும் கலைந்து சேரும். கணக்குப்படி 256 விதச் சேர்க்கை சாத்தியம். பெரும்பாலானவை பிழைக்காது. பிழைத்த ஒன்று, 2009-ல் உலகத்தையே சுற்றிய எச்1என்1 என்ற பன்றிக்காய்ச்சல் வைரஸ்.

காட்டில் இதைக் கண்காணிப்பது லேசான வேலை இல்லை. மூக்கில் பஞ்சு விட்டு எடுத்தால் அந்த ஒரு வாரத்துக்குள் எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வைரஸ் சிக்காது. ஆனால் வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் மாதக்கணக்கில் தங்கும். கூண்டில் பிடிபட்ட பன்றியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீரை, சிறு குழிகள் கொண்ட தட்டில், பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே ஊற்றி, தெரிந்த வைரஸ் ஒன்றைச் சேர்ப்பார்கள். பிறகு கோழி அல்லது வான்கோழியின் சிவப்பணுக்கள். எதிர்ப்பொருள் இல்லாவிட்டால் வைரஸின் கொக்கிகள் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து, குழி முழுவதும் மெல்லிய பாய்போல் விரித்துவிடும். எதிர்ப்பொருள் இருந்தால் கொக்கிகள் மூடிப்போகும், சிவப்பணுக்கள் வழுக்கி அடியில் ஒரு சிவப்புப் பொத்தானாக உட்காரும். இப்படிப் பார்த்ததில்தான் பன்றி வைரஸ், பறவை வைரஸ் இரண்டும் காட்டுப்பன்றிகளைத் தொட்டிருப்பது தெரிந்தது.

தொற்று ஒருவழிப் பாதையும் அல்ல. 2009-க்குப் பின் அந்த எச்1என்1 மனிதரிடமிருந்து பன்றிகளுக்குப் பலமுறை திரும்பிப் போயிருக்கிறது. அதனால்தான் காய்ச்சலோடு இருப்பவர் கொட்டிலுக்குள் போகக்கூடாது என்கிறார்கள். வேலியையும் இரட்டையாகப் போடச் சொல்கிறார்கள், நடுவில் இரண்டு மூக்கும் எட்டாத அளவுக்கு இடைவெளி விட்டு.