பணம் பிள்ளையோடு போகிறது, செலவு பள்ளியிலேயே நிற்கிறது

போன வாரமும் ஒரு தலைமை ஆசிரியை வரவு செலவு ஏட்டை என் மேசையில் விரித்து, “எங்கே தவறினேன்?” என்று கேட்டார். பள்ளிக் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். அவர் கணக்கில் பிழையே இல்லை. 18 பிள்ளைகள் புதிதாகத் திறந்த, அரசு மானியத்தில் தனியார் நடத்தும் பள்ளிக்கு மாறிவிட்டார்கள். தலைக்கு இவ்வளவு என்று வரும் அரசு மானியமும் கூடவே போய்விட்டது.

“பிள்ளை போனால் செலவும் குறையுமே?” இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். குறையாது. 18 பேரும் ஒரே வகுப்பிலிருந்து போவதில்லை. ஒன்றாம் வகுப்பில் 3, இரண்டில் 4, ஐந்தில் 2 என்று உதிர்கிறார்கள். 30 பேருக்குப் பாடம் நடத்திய ஆசிரியர் 27 பேருக்கும் அதே சம்பளத்தில்தான் நடத்துகிறார். கூரைப் பழுது, மின்கட்டணம், காவலாளி சம்பளம் எதுவும் இறங்கவில்லை. அதனால் வெட்ட முடிந்ததை வெட்டுகிறார்கள். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கென்று இருந்த ஆசிரியையின் பெயர் மேல் அந்த ஏட்டில் சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

போனவர்களில் ஒருவன் காது கேளாத சிறுவன். மானியத்துக்காகத் தலை எண்ணும் மாணவர் கணக்கெடுப்பு நாள் முடிந்ததும் “எங்களிடம் வசதி இல்லை” என்று புதிய பள்ளியில் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் பெயரில் வந்த ஆண்டு மானியம் அங்கேயே தங்கிவிட்டது.

இது புதிய அனுபவமும் அல்ல. சிலி 1981-லேயே மானியத்தை மாணவர் தலைக்கணக்கில் தனியார் பள்ளிகளுக்கும் திறந்துவிட்டது. மானியத்துக்கு மேல் கட்டணமும் வாங்கலாம் என்றான பிறகு, கட்ட முடிந்தவர்கள் ஒரு பக்கம், முடியாதவர்கள் மறுபக்கம் என்று பள்ளிகள் பிரிந்தன. ஏழை மாணவருக்குக் கூடுதல் மானியம் என்ற சட்டம் 2008-ல்தான் வந்தது. கட்டணத்தையும் லாபத்தையும் படிப்படியாக நிறுத்தும் சட்டம் 2015-ல். சுவீடனில் முதலீட்டு நிறுவனம் ஒன்றின் கையிலிருந்த பெரிய பள்ளிக் குழுமம் 2013-ல் திவாலானது. மாணவர்கள் வேறு பள்ளி தேடி அலைந்தார்கள்.

முனைப்போடு பள்ளி தொடங்கி நன்றாக நடத்துபவர்களையும் அறிவேன். சிக்கல், பள்ளி நடத்தத் தனியாரோடு போடும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதில் கையெழுத்திடும் கல்விக் குழுவினரே, கட்டடம் யாருடையது என்று பாருங்கள். நிர்வாகியின் உறவினருடையது என்றால் பொதுப்பணம் வாடகையாக வெளியேறும். ஆண்டு நடுவில் அனுப்பப்படும் பிள்ளையோடு மீதி மானியமும் திரும்ப வேண்டும் என்று எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெற்றோரே, சேர்க்கும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: சென்ற ஆண்டு நடுவில் எத்தனை பிள்ளைகளை அனுப்பினீர்கள்? அந்த எண்ணை எழுத்தில் வாங்குங்கள், தயவுசெய்து.