ஒரே வயலில் இரண்டு புற்றுகள்

புதுக்குடியிருப்பிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய பெரியப்பாவுக்கு நாக்கின் ஓரத்தில் வந்த புற்றுநோயைச் சத்திரசிகிச்சை செய்து அகற்றி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வெட்டிய இடம் நன்றாக ஆறிவிட்டது. இப்போது சுவாசப்பையில் ஒரு கட்டி தெரிகிறது. "பழையது பரவியதல்ல, இது புதிதாக உண்டானது" என்கிறார் வைத்தியர். உறவினர்களோ, கத்தி பட்டதால்தான் நோய் கிளம்பிவிட்டது என்கிறார்கள். ஒரே உடலில் இரண்டு புற்றுநோய்கள் தனித்தனியே தோன்ற முடியுமா என்பது அவருடைய கேள்வி.

முடியும். வாய், தொண்டை, உணவுக்குழாய், சுவாசப்பை ஆகியவற்றில் அது அரிதும் அன்று. தலை, கழுத்துப் பகுதியில் ஒருமுறை புற்றுநோய் வந்து குணமானவர்களில், ஆண்டுதோறும் நூற்றுக்கு 3 முதல் 7 பேர் வரை இரண்டாவது முதன்மைப் புற்றுநோய்க்கு, அதாவது பழையதிலிருந்து பரவாமல் தனியே தோன்றும் புற்றுநோய்க்கு, ஆளாவதாக ஆய்வுகள் பல கண்டிருக்கின்றன.

கலத்தின் டிஎன்ஏயில் விகாரங்கள் சேர்ந்தால் அது கட்டுப்பாடின்றிப் பெருகும் என்பதும், அவ்வாறு பெருகிய கலங்கள் குருதி வழியாகவும் நிணநீர் வழியாகவும் வேறிடம் சென்று குடியேறும் என்பதும் பாடசாலையில் படித்தவை. அந்தக் குடியேற்றமே பரவல். இங்கே நடப்பது வேறு.

1953இல் அமெரிக்காவில் சுலோட்டர் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவருடைய இரு சகாக்களும், வாய்ப் புற்றுநோயாளிகள் 783 பேரின் கட்டிகளையும் அவற்றைச் சுற்றியிருந்த இழையத்தையும் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு 11 பேரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் தனித்தனியே இருந்தன. கட்டிக்கு அப்பால், வாயின் உட்பரப்பை மூடியிருக்கும், வெறுங்கண்ணுக்கு நலமாகத் தெரிந்த மேலணி இழையத்திலும் கலங்கள் இயல்பு திரிந்திருந்தன. நோய் ஒரு புள்ளியில் மட்டும் தொடங்கவில்லை, ஒரு பரப்பு முழுவதுமே அதற்குப் பதப்பட்டுவிடுகிறது என்று அவர்கள் முடிவுசெய்தார்கள். அந்தப் பரப்புக்கு அவர்கள் வைத்த பெயர் வயல் என்ற பொருள் தருவது. வன்னியில் பிறந்த எனக்கு அதைவிடப் பொருத்தமான சொல் தோன்றவில்லை.

அந்த வயல் உருவாகும் விதம் நின்று பார்க்கத்தக்கது. வாயின் மேலணியில் அடித்தட்டில் மூலக்கலங்கள் இருக்கின்றன. அவை பிரிந்து பிரிந்து புதிய கலங்களை மேலே அனுப்ப, மேலே வந்தவை சில வாரங்களில் உதிர்ந்துபோகின்றன. உதிரும் கலத்தில் விகாரம் இருந்தாலும் அது கலத்துடனேயே போய்விடும். ஆனால் மூலக்கலத்தில் விழுந்த விகாரம் போகாது. டிஎன்ஏ பழுதானால் கலப்பிரிவை நிறுத்திவைக்கும் காவலாளியான பி53 என்ற புரதத்தின் பரம்பரையலகு ஒரு மூலக்கலத்தில் கெட்டால், அக்கலத்தின் வழித்தோன்றல்கள் யாவும் காவல் இல்லாமலேயே பிறக்கின்றன. முதலில் அது ஒரு சிறு திட்டு; குறுக்கே 200 கலங்கள்கூட இராது. பின்னர், டிஎன்ஏயைத் தாங்கும் நிறமூர்த்தங்களுள் 9ஆவதன் ஒரு துண்டு இழக்கப்படுவது போன்ற அடுத்த பழுதுகள் சேரும்போது, அத்திட்டு அக்கம்பக்கத்து நல்ல கலங்களை மெல்ல மெல்ல ஒதுக்கித் தள்ளிவிட்டு அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இத்தகைய வயல்கள் 7 சென்ரிமீற்றருக்கும் மேல் விரிந்திருப்பதை ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

காலபோகத்தில் நெல்லோடு நெல்லாக முளைக்கும் களைநெல்லை நினைத்துப் பாருங்கள். கதிர் தள்ளும்வரை அதைப் பிரித்தறிவது அனுபவமுள்ள கமக்காரருக்கே கடினம். கதிர் கண்ட இடத்தில் மட்டும் பிடுங்கினால் வயல் சுத்தமாகிவிடுமா? சத்திரசிகிச்சை நிபுணர் கட்டியையும் அதைச் சுற்றி ஒரு சென்ரிமீற்றர் அளவையும் அகற்றுகிறார். வயல் அதற்கு அப்பாலும் கிடந்தால், எஞ்சிய பகுதியில் சில ஆண்டுகளின் பின் இன்னொரு கட்டி எழக்கூடும். அதைக் கத்தி கிளப்பவில்லை. கத்தி எட்டாத இடத்தில் அது முன்னரே இருந்தது. இந்தப் பிழையான நம்பிக்கையால் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்டு, காப்பாற்றக்கூடிய உயிர்களை நாம் இழக்கிறோம் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

வாயும் சுவாசப்பையும் தொலைவில் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அங்கே பெரும்பாலும் இரண்டு தனி வயல்கள், ஆனால் விதைத்தது ஒரே நஞ்சு. சுருட்டுப் புகை வாயில் தொடங்கிச் சுவாசப்பைவரை செல்லும் வழியெங்கும் டிஎன்ஏயைப் பழுதாக்குகிறது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றின் சாறு வாயையும் தொண்டையையும் உணவுக்குழாயையும் நனைக்கிறது. புகையிலை சேராத வெறும் பாக்கையும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. புகையுடன் சாராயமும் சேர்ந்தால் ஆபத்து கூடுவதோடு நில்லாமல் பெருகுகிறது. வெற்றிலையும் சுருட்டும் இரண்டும் பழகியவருக்கு இந்தப் பாதை முழுவதும் விதைப்பு நடக்கிறது.

பரவலா, புதியதா என்று அறிவது வீண் ஆராய்ச்சி அன்று. பரவியதென்றால் நோய் முற்றிய நிலை. புதியதென்றால் அதை ஆரம்ப நிலையிலேயே பிடித்துக் குணப்படுத்தும் வாய்ப்பு உண்டு. இரு கட்டிகளிலும் பி53 பரம்பரையலகு எந்த இடத்தில் கெட்டிருக்கிறது என்று ஒப்பிட்டால், கைரேகை போல விடை கிடைக்கும்: இடங்கள் வேறானால் பிறப்பும் வேறு. இலங்கையில் ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். அத்தகைய நாட்டில் இந்தப் பரிசோதனைக்கும் ஆராய்ச்சிக்கும் பணம் ஒதுக்குவதை ஆடம்பரம் என்று எவரும் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2020இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், 16 பேரின் மூச்சுக்குழாய்களிலிருந்து எடுத்த கலங்களைத் தனித்தனியே வளர்த்து அவற்றின் டிஎன்ஏயைப் படித்தார்கள். புகைப்பவர்களின் கலங்களில் ஆயிரக்கணக்கான மேலதிக விகாரங்கள் இருந்தன. புகைத்தலை விட்டவர்களிடமோ, ஒருபோதும் புகைக்காதவரின் கலங்களைப் போன்ற, ஏறத்தாழப் பழுதில்லாத கலங்கள், இன்னும் புகைப்பவர்களிடம் உள்ளதைப் போல நான்கு மடங்கு இருந்தன. பழுதான கலங்கள் திருந்திவிடவில்லை. நல்ல கலங்கள் சில எங்கோ தப்பியிருந்து, நஞ்சு நின்றதும் பெருகி, வயலை மீண்டும் பிடித்திருக்கின்றன. அவற்றின் நிறமூர்த்த நுனிகள் மற்றக் கலங்களுடையதைவிட நீளமாக இருந்தன. ஒவ்வொரு பிரிவிலும் தேயும் அந்நுனிகள் தேயாமல் இருந்ததால், புகை சூழ்ந்த காலமெல்லாம் அவற்றின் முன்னோர் அதிகம் பிரியாமல், பானையில் கட்டிவைத்த விதைநெல்போல் உறங்கிக் கிடந்திருக்க வேண்டும்.