விமான நிலையத்தை மூடினால் பருப்பு விலை ஏன் ஏறுகிறது?

2020 மார்ச் 18 அன்று நம் மொரிசியஸில் முதல் மூன்று கொரோனா நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். மறுநாளே எல்லை மூடப்பட்டது. சில நாட்களில் ஊரடங்கு. சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகக்கூடக் குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி நாள் குறித்தார்கள். அப்பாசாமி வீட்டுக்குத் திங்களும் வியாழனும், கோவிந்தன் வீட்டுக்குச் செவ்வாயும் வெள்ளியும், வீரப்பன் வீட்டுக்குப் புதனும் சனியும். கண்டிப்புக்குப் பலன் இருந்தது: முதல் அலையில் இறந்தவர்கள் 10 பேர்தான். அந்த முடிவு சரியானது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் அதற்கான விலையைப் பின்னால் கொடுக்க வேண்டியிருந்தது. சுமார் 12.6 லட்சம் பேர் வாழும் இந்தத் தீவுக்கு 2019இல் 13.8 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 2021இல் வந்தவர்கள் 1.8 லட்சம் பேர். பயணி வராவிட்டால் ஹோட்டல் மட்டும் காலியாவதில்லை, யூரோவும் டாலரும் வருவது நின்றுபோகிறது. நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதி, தால்பூரி என்ற நம் பருப்பு ரொட்டிக்கான மாவு, பருப்பு, எண்ணெய் உட்பட, கப்பலில்தான் வருகிறது. அதற்கு டாலர் கொடுக்க வேண்டும். டாலர் குறைந்தால் அதன் விலை ஏறும். தமிழ் எழுத்தும் அச்சாகியிருக்கும் நம் மொரிசியஸ் ரூபாயின் மதிப்பு இறங்கும். 2020 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 36 ரூபாய். 2022இல் 44ஐ ஒட்டி நின்றது.

இதற்கிடையே, வேலையிழப்பைத் தடுக்கத் தொழிலாளர் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு கொடுத்தது. சுயதொழில் செய்தவர்களுக்கு மாதம் 5,100 ரூபாய். சமையல்காரரும் படகோட்டியும் தொழிலை விட்டுப் போய்விட்டால் எல்லை திறந்த பிறகும் சுற்றுலா எழுந்து நிற்காது. ஆகவே அது தேவையான செலவு. ஆனால் வரி வருமானம் விழுந்த நேரத்தில் பணத்துக்கு எங்கே போவது? மத்திய வங்கியே அரசுக்கு 6,000 கோடி ரூபாய் கொடுத்தது. அந்த ஆண்டின் மொத்த உற்பத்தியில் அது எட்டில் ஒரு பங்குக்கும் மேல். புழக்கத்தில் ரூபாய் கூடி, டாலர் கூடாமல் போனால் ரூபாய் மீதான அழுத்தம் இன்னும் அதிகரிக்கும். அப்புறம் கப்பல் கட்டணமும் உக்ரைன் போரும் சேர்ந்துகொள்ள, 2022இல் பணவீக்கம் 10.8 விழுக்காட்டைத் தொட்டது.

இந்தச் சரிவு உலக வங்கியின் பட்டியலிலும் தெரிந்தது. 2019இன் தலா வருமானம் 12,740 டாலர் என்பதால் 2020 ஜூலையில் மொரிசியஸ் உயர் வருமான நாடாக அறிவிக்கப்பட்டது. 2020இல் பொருளாதாரம் 15 விழுக்காட்டுக்கு அருகில் சுருங்கியது, ரூபாயும் இறங்கியது. வருமானத்தை டாலராக மாற்றித்தான் கணக்கிடுகிறார்கள் என்பதால் இரண்டு அடியும் ஒன்றாக விழுந்து 10,230 டாலர் ஆனது. ஒரே ஆண்டில் மேல் நடுத்தர வருமான நாடு என்ற பழைய வகைக்குத் திரும்பினோம்.

நம் அரசு எல்லையைத் திறந்தே வைத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காதா? நடந்திருக்கும், ஏனென்றால் ஐரோப்பா விமானங்களை நிறுத்தியிருந்தது. 2021 அக்டோபர் 1 அன்று நாம் முழுமையாகத் திறந்தோம். டிசம்பரில், ஓமிக்ரான் பரவல் வந்ததும், நமக்கு அதிகப் பயணிகளை அனுப்பும் பிரான்ஸ் தென் ஆப்பிரிக்காவோடு நம்மையும் கடுமையான சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. பாரிஸில் எடுத்த முடிவால் நம் கிராண்ட் பே கடற்கரை ஹோட்டல்களின் பண்டிகைக்கால முன்பதிவு கலைந்தது. தடுப்பூசியும் அப்படித்தான்: 2021 ஜனவரியில் இந்தியா ஒரு லட்சம் டோஸ் அனுப்பியது, அங்கே இரண்டாம் அலை எழுந்தபோது ஏற்றுமதி நின்றது.

அடி இப்படி வெளியிலிருந்து வந்தாலும், பணக்கார நாடுகள் தரும் வளர்ச்சி உதவி யாருக்கு என்பதைப் பெரும்பாலும் தலா வருமானம்தான் தீர்மானிக்கிறது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உயர் வருமானக் கோட்டுக்கு மேல் இருந்தால், உதவி பெறத் தகுதியுள்ள நாடுகளின் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். ஒரு தீவு எவ்வளவு எளிதில் சாயும் என்பது அந்த எண்ணில் தெரியாது. 2024 ஆகஸ்டில் ஐ.நா. பொதுச்சபை நாடுகளின் பாதிப்புக்குள்ளாகும் தன்மையைப் பல கோணங்களில் அளக்கும் குறியீடு ஒன்றை ஏற்றது. உலக வங்கி போன்ற கடன் கொடுக்கும் நிறுவனங்கள் அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இன்னும் இல்லை.